மூன்று மிதி

எங்கள் ஊரில் பிரேக்குக்குக் காசு கொடுக்கிற ஆண்பிள்ளையை யாரும் மதிப்பதில்லை. இன்ஜின் போனால் கடைக்குக் கொண்டுபோகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிரேக் மட்டும் அவனவன் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு மத்தியானத்தில் முடிக்கிற வேலை. வேண்டிய கருவிகளை உதிரிபாகக் கடையிலேயே இரவல் கொடுப்பார்கள். அதுகூடத் தெரியாதவன் என்று பேர் வாங்கிவிட்டால் அவன் கதை அதோடு முடிந்தது.

என் தங்கை நோரீனின் புருஷன் லோவெல் அப்படிப் பேர் வாங்கியவன். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். கை குலுக்கினால் பிசைந்த மாவைப் பிடித்த மாதிரி இருக்கும். நான் முப்பது வருஷம் சுரங்கத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவன். அவனைப் பிடிக்காது என்றில்லை. ஆனால் அவனைச் சீண்டாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நோரீன், நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வண்டி சத்தம் வந்துடுது. இரும்போட இரும்பு உரசுது" என்றேன்.

லோவெல்தான் பதில் சொன்னான். "செவ்வாய்க்கிழமை கடைல விடறோம். எட்டரைக்கு நேரம் குடுத்திருக்காங்க. எழுநூறு டாலர் ஆகுமாம்."

"பிரேக் பேடு மாத்தவா? ஏன் வாத்தியாரே, ஷூ லேசும் கடைலதான் கட்டிக்கிறீங்களா?"

அம்மா சிரித்தாள். நோரீனும் சிரித்துவிட்டாள். அவன் முகம் சிவந்தது நோரீன் சிரித்ததற்குத்தான்.

"நானே பண்றேன்" என்றான். "டெல், நீங்க கொஞ்சம் கூட இருக்க முடியுமா?"

"நாளைக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பம். நான் மலைல இருப்பேன். ஆம்பளையா நீயே பாத்துக்கோ."

அம்மாவுக்கு முன்னால் சொன்னேன். நான் மலையில் இருந்தேன் என்பதுதான் அம்மாவுக்கு இன்றுவரை தெரியும்.

மான் சீசனின் முதல் நாள் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. விடியுமுன் மலை ஏறிக் குளிரில் விறைத்து, ஒரு வாலைக்கூடப் பார்க்காமல் மத்தியானம் இறங்கினேன். எரிச்சலாக வந்தது. வழியில்தான் நோரீன் வீடு.

வண்டி நாலு தாங்கி மேல் நின்றது. பழைய பேடுகள் வரிசையாக, சக்கரத்து நட்டுகள் செய்தித்தாளில் கழற்றிய வரிசையிலேயே இருந்தன. சக்கரத்தைக் கவ்வுகிற பிரேக் பிடியின் கனம் ரப்பர் குழாயில் தொங்கக்கூடாதென்று ஒவ்வொன்றையும் கம்பி போட்டுக் கட்டி வேலை பார்த்திருந்தான், கம்பிகள் இன்னும் தொங்கின. அதை நானே பாதி நேரம் செய்யமாட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"டெல், நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தான். "பேடெல்லாம் முடிஞ்சது. இதக் கொஞ்சம் பாருங்க."

டார்ச் வெளிச்சம் பெட்ரோல் டேங்குக்கு மேலே போனது. பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு தின்று, பைப் வீங்கிச் செதில் செதிலாக இருந்தது. அவன் விரல் வைத்ததும் உதிர்ந்தது.

நான் மண்டியிட்டபடி எட்டிப் பார்த்தேன். படுக்கவில்லை. சரளைக்கல் சில்லிட்டிருந்தது, முதுகு வலித்தது. படுத்துப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

"துருதான். இந்த ஊர்ல துருப் பிடிக்காத பைப்பு யார் வண்டில இருக்கு? என் வண்டியும் இப்படித்தான்."

"லேசா ஈரமா இருக்கற மாதிரி இருக்கு. டேங்க இறக்கினாத்தான் மாத்த முடியும். அது என்னால ஆகாது." வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "நாளைக்கு எட்டரை மணி இன்னும் நம்ம பேர்லதான் இருக்கு. வந்து இழுத்துட்டுப் போகச் சொல்றேன்."

அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். கடைக்கு நானே பேசினேன்.

"லோவெல் பேசறேன். நாளைக்கு வண்டி வராது. வேலை முடிஞ்சிடுச்சு."

"நீங்களே பண்ணிட்டீங்களா வாத்தியாரே? அட!" என்று போனை எடுத்த கடைப் பெண் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். லோவெல் சிரிக்கவில்லை.

"இப்ப பரீட்சை வைப்போம்" என்றேன். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் தெரிந்த பரீட்சை அது. இன்ஜினை ஓடவிட்டு, பலம் முழுக்கக் கொடுத்து பிரேக்கை மூன்று தடவை ஓங்கி மிதிக்க வேண்டும். பைப் வெடிக்கிறதென்றால் வாசலிலேயே வெடித்துவிடும். வெடிக்காவிட்டால் இன்னொரு பனிக்காலம் ஓட்டலாம். இதை யார் முதலில் சொன்னதென்று யாருக்கும் தெரியாது. நான் ஏறி உட்கார்ந்து மூன்று மிதி மிதித்தேன். பெடல் அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது. அப்படியே ஒரு பைப்பு போனாலும் இன்னொண்ணுல பாதி பிரேக் இருக்கும்."

"நிச்சயமாவா டெல்?"

"அவ என் தங்கச்சிடா. உன்னவிட எனக்கு அக்கறை இல்லையா?"

சக்கரங்களை மாட்டினோம். நோரீன் வெளியே வந்து அவனுடைய கிரீஸ் கன்னத்தில் முத்தமிட்டு, "என் மெக்கானிக்கு" என்றாள். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை காலை, முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும்போது பிரஷ் ஹில் இறக்கத்தில் அந்த பைப் வெடித்தது. பாதி பிரேக் இருந்திருக்கும். அந்த இறக்கத்துக்குப் பாதி போதாது. கீழே முச்சந்தியில் மரம் ஏற்றிய லாரி குறுக்கே நின்றது. என் தங்கை அந்த இடத்திலேயே போய்விட்டாள். நாற்பத்தோரு வயசு.

போலீஸ்காரர் லோவெல் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பிரேக் வேலை பாத்தது யாரு?"

"நான்" என்றான் லோவெல்.

"தனியாவா? வேற யாராவது பாத்தாங்களா?"

நான் அவன் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தேன். எனக்கு வாய் திறக்க நேரம் இருந்தது, நிறையவே இருந்தது.

"தனியாத்தான்" என்றான்.

ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கடையில் நேரம் வாங்கிவிட்டுக் கடைசியில் அவனே ரத்து செய்தான் என்று அந்தக் கடைப் பெண் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னாள். ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று, பிரேக்குக்குக் காசு கொடுப்பவனைக் கேலி செய்த அதே வாய்கள் கேட்டன. பெட்ரோல் பங்கில் என் காதுபடக் கேட்டார்கள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். லோவெல் தட்டைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அம்மா எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"டெல்பர்ட் இருந்தானே" என்றாள் என்னைக் காட்டி. "முப்பது வருஷம் இதே வேலை பாத்தவன். அவன் மலைலேருந்து வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பாளேடா."

லோவெல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. காத்திருந்தான், அவ்வளவுதான். நான் தட்டைப் பார்த்தேன்.

"கேட்டிருக்கணும்மா" என்றான்.

அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அன்னிக்கு அங்க இருந்திருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவள் கையைத் தடவிக்கொடுத்தேன்.