முழங்கைக்குக் கொடுத்த களிம்பு

கட்டிலடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் அக்காவின் மாத்திரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா காலையில்தான் போனாள். முன்னறையில் கிடத்தியிருந்தார்கள், மூன்று மணிக்கு வண்டி வரும். "மிச்ச மருந்த ஆஸ்பத்திரிக்கே குடுத்துடலாம் மாமா, யாருக்காவது ஆகும்" என்று அக்கா மகள் சொன்னதும், விட்டால் போதுமென்று உள்ளே வந்துவிட்டார்.

தெருவில் அவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். தலைவலி மாத்திரை கேட்டுப் போனவனைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாமல் அனுப்பமாட்டார். எங்கே வலி, எத்தனை நாளாக, முன்பு வந்ததுண்டா? பெண்கள் கூசினால் மனைவியை அழைத்துக் கேட்கச் சொல்வார். ஊரையே கேட்டுத் துளைத்த அந்த வாய், சொந்த அக்காவிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"முழங்கையில ஒரே அரிப்புடா தம்பி. ஏதாவது களிம்பு குடு" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்தாள். கொடுத்தார். அடுத்த மாதமும் வந்தாள். மூன்றாம் மாதம் ட்யூபை வாங்கக் கை நீட்டியபோது அவர் பார்த்துவிட்டார். முழங்கை பளிச்சென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. மறு கையும் அப்படித்தான். அக்கா சட்டென்று கையை மடக்கிக்கொண்டாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பியிடம் சொல்ல முடியாத இடம் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மனைவியை விட்டாவது கேட்டிருக்கலாம். அக்காவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அதையும் செய்யவில்லை. உண்மையில் சங்கடம் அவருக்குத்தான். "எதுக்கும் ஒரு டாக்டர பாத்துடுக்கா" என்று அலமாரியைப் பார்த்துச் சொன்னார். "அரிப்புக்கெல்லாம் எதுக்குடா டாக்டர்" என்று அவள் சிரித்தாள். அடுத்த முறை கொஞ்சம் வீரியமான களிம்பாகக் கொடுத்தார்.

உள்ளாடையில் கறை கண்டு மகள் பிடித்து இழுத்துப் போனபோது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. "பாக்க வெறும் சொறி மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர். "ஆனா ஒரு பக்கத்து மார்க்காம்புல மட்டும் புண்ணு வந்து, களிம்புக்கும் ஆறலன்னா, அப்பவே தோல கிள்ளி எடுத்து டெஸ்ட் பண்ணியிருக்கணும். அடியில புற்று இருக்கலாம். சீக்கிரம் வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கும்." அதற்குள் எலும்பு வரை போயிருந்தது.

அக்கா மகள் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

"என்னம்மா?"

"உங்ககிட்ட முழங்கைன்னு பொய் சொல்லித்தான் களிம்பு வாங்கினாங்களாம். 'அவனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டான், என்னாலதான்னு நெனச்சுப்பான்'னு ரெண்டு தடவ சொன்னாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. தலையை ஆட்டினால் போதும். அவளுக்கு இனி அம்மா வழியில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். அவருக்கும் பிள்ளை என்று சொல்ல அவள் ஒருத்திதான். அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது.

"முழங்கை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "நான் பாத்தேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எப்ப?"

"மூணாவது ட்யூப் வாங்க வந்தப்போ. அதுக்கப்புறமும் பத்து ட்யூப் குடுத்தேன்."

"கேக்கவே இல்லையா நீங்க?"

"இல்லம்மா."

அவள் குனிந்து, அவர் அடுக்கி வைத்திருந்த அட்டைகளை எடுத்து, ஒன்றாகக் கலந்து பெட்டிக்குள் போட்டாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முன்னறையில் யாரோ கேட்டார்கள். "தலைமாட்டுப் பக்கம் யாரு? தம்பிதான பிடிக்கணும்?"

"நான் பிடிக்கிறேன்" என்றாள் அக்கா மகள். அவரைப் பார்க்காமலே, "மாமா கால் பக்கம் வரட்டும்" என்றாள்.

தூக்கினார்கள். கனமே இல்லை. நடை குறுகலாக இருந்ததால், கால்மாட்டைப் பிடித்த அவர் பின்பக்கமாகவே நடந்து வரவேண்டியிருந்தது. அவளும் அவரும் நேருக்கு நேர், நடுவில் அக்கா. அவள் கண்கள் அம்மாவின் முகத்தைவிட்டு அகலவில்லை. வாசலருகே வந்ததும் அவள் நின்றாள்.

"படி இருக்கு, மாமா" என்றாள்.

அவர் காலால் துழாவிப் படியைத் தேடினார்.