வாய் காக்கும் பயிற்சி

உளவுத்துறையில் அவளைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். கூரைமேல் காயப்போட்ட உடுப்பைப் பார்த்தே அந்த வீட்டுக்குப் புது ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். சொந்தக்காரர்கள் மத்தியிலோ அவளுக்கு மழைக்காரி என்று பெயர். வானிலைப் புள்ளிவிவர அலுவலகத்தில் குமாஸ்தா என்று வெளியே சொல்லி வைத்திருந்ததால் வந்த வினை அது. துணி துவைக்கலாமா, குடை எடுக்கலாமா என்று ஆளாளுக்கு அவளைத்தான் கேட்பார்கள். அவளும் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். நனைந்தவர்கள் திட்டுவார்கள்.

அவளுடைய கணவர் பல் வைத்தியர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பது அவர் தொழில். மனைவியின் வாயை மட்டும் திறக்க வைக்க அவர் முயன்றதே இல்லை. வானிலை அலுவலகத்தில் இவ்வளவு ரகசியம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் குடும்பம் நடத்தினார்.

அவருடைய தங்கை, அதாவது பூதக்கண்ணாடியின் நாத்தனார், இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊமையைக்கூட உளற வைப்பாள். அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரி முழுக்கக் கம்பெனி கொடுத்த கேடயங்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்று வரும். குடும்பமே கூடிப் பார்த்துக் கைதட்டும்.

பூதக்கண்ணாடிக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது. துறையிலேயே பெரிய பதக்கம். ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கதவைச் சாத்திவிட்டு, இயக்குநர் பாராட்டுரை வாசித்தார். சொல்லக் கூடாத இடம் வரும்போதெல்லாம் இருமினார். “இவர்...” இருமல். “என்னும் ஊரில்...” இருமல். “இருப்பதைக் கண்டுபிடித்து, பலருடைய உயிரைக் காப்பாற்றினார்” என்று முடித்தபோது பக்கத்தில் இருந்தவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பக்கத்து அறைக்குக் கேட்காதபடி எல்லாரும் விரல் நுனியால் கைதட்டினார்கள். அவள் பதக்கத்தை ஆசை தீரத் தடவிப் பார்ப்பதற்குள் அதைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

“எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போகலாம் மேடம்” என்றார் பெட்டிக்குப் பொறுப்பானவர். “அனுமதி மட்டும் வாங்கிட்டு வாங்க.”

அவள் புகழுக்கு ஏங்குகிறவள் அல்ல. ஆனால் அன்று சாயங்காலம் பார்த்துத்தான் நாத்தனார் வீட்டுக்குப் புதுக் கேடயம் வந்திருந்தது.

“அண்ணி, உங்க ஆபீஸ்ல இந்த மாதிரியெல்லாம் குடுக்க மாட்டாங்களா?”

“குடுப்பாங்க. எப்பவாவது.”

“உங்களுக்கு ஒண்ணுகூட வரலையே. பாவம்.”

நாத்தனார் உண்மையான அன்போடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. வெறும் பெருமையாக இருந்தால் பதிலுக்குப் பொறாமைப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ‘பாவம்’ என்பதற்கு என்ன பதில்?

மறுநாள் அவள் நலப்பிரிவு அதிகாரியிடம் போய்ப் புலம்பினாள். அந்த அதிகாரி ஊழியர்களை உற்சாகப்படுத்துவது பற்றி எங்கோ பயிற்சி எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கற்றதைக் காட்ட ஆள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்தவள்.

“கவலைப்படாதீங்க மேடம். உங்க குடும்பத்துக்காகத் தனியா ஒரு விழா வச்சிடலாம். வானிலை ஆபீஸ் பேர்ல.”

அப்படித்தான் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வாசலில் பலகை மாட்டி, ‘சிறந்த மழை அளவீட்டாளர்’ என்று ஒரு விருதை உண்டாக்கினார்கள். இயக்குநரே வானிலை அதிகாரியாக வேஷம் கட்டி வந்தார். எதிரி நாட்டுச் சிறையிலே மூன்று பேர் மாறி மாறி விசாரித்தும் ஒரு வார்த்தை பேசாத ஆள் என்று துறையில் அவரைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மழையைப் பற்றி அவர் அழகாகவே பேசினார். மாமனார் மட்டும் எழுந்து, தன் மகள் கல்யாணத்தன்று ஏன் முன்கூட்டிச் சொல்லாமல் மழை பெய்தது என்று கேட்டார். இயக்குநர் வானிலைத் துறையின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிறகு டீ. இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நாத்தனார் அதில் உட்கார்ந்தாள். அவள் கேள்வி எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. “கண்ணைப் பாத்தா நீங்க சரியா தூங்கற மாதிரி தெரியலையே சார்” என்று சொன்னது மட்டும் பூதக்கண்ணாடியின் காதில் விழுந்தது. அதற்குள் மாமியார் அவளைக் கூப்பிட்டு, விருதை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது நாத்தனார் காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“தங்கமான மனுஷன் அண்ணி உங்க பெரிய ஆபீசர். வயித்துப் புண்ணாம், பாவம். அடுத்த வாரம் பனி பெய்யற ஊருக்கு எங்கயோ போறாராம். கோட்டெல்லாம் வாங்கியாச்சாம். பொண்டாட்டிகிட்ட மூட்டு வைத்தியத்துக்குப் போறேன்னு சொல்லி வச்சிருக்காராம். எதுக்கு சார் பொய்யின்னேன். அங்க இருந்து ஒருத்தர் நம்ம பக்கம் வரப் போறார்மா, அவர நானே போய்க் கூட்டிட்டு வரணும், அந்தக் கவலையிலதான் தூக்கம் வரலைங்கறார். மாத்தலாகி வர்ற ஆளு போல.”

காரை ஓட்டிக்கொண்டிருந்த பல் வைத்தியர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பார்த்த கையோடு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

எதிரி நாட்டிலிருந்து தப்பி வரவிருந்த அந்த ‘ஒருத்தர்’ யார் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும். அவர் வீட்டுக் கூரையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவளே அவள்தான். இந்தப் பேச்சு இரண்டு வாய் மாறினால் அந்த மனிதரின் தலை போய்விடும்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், உங்க பயணம் வெளிய தெரிஞ்சிருச்சு.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. “யாருக்கு?”

“எங்க நாத்தனாருக்கு.”

“யாரு சொன்னது? அந்த நாயை இன்னைக்கே...”

“நீங்கதான் சார்.”

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். “நான் ஒண்ணுமே சொல்லலையே. தூக்கத்தைப் பத்தித்தானே பேசிட்டு இருந்தோம்?”

“ஆமா சார். ஏன் தூக்கம் வரலைன்னு சொல்லியிருக்கீங்க.”

இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவள் மெதுவாகக் கேட்டாள். “பாலிசி எடுத்தீங்களா சார்?”

“எடுத்துட்டேன்” என்றார் அவர், திருடிய பிள்ளையைப்போல. “என் பொண்டாட்டி பேர்லயும் ஒண்ணு.”

அன்றே நாளையும் வழியையும் மாற்றினார்கள். இயக்குநருக்குப் பதில் வேறொருவர் போனார். அந்த மனிதர் பத்திரமாக வந்து சேர்ந்தார்.

இயக்குநருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. விழுந்தால் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்க மாட்டார். “அடிச்சுக் கேட்டா சொல்ல மாட்டோம்” என்றார். “அன்பா கேட்டா சொல்லிடறோம். இதுக்கு ஒரு பயிற்சி வேணும். நீங்களே நடத்துங்க. பயிற்சித் தலைவர்னு பதவி போட்டுத் தரேன்.”

“சரி சார். முதல் வகுப்புல நீங்களும் உக்காரணும்.”

உட்கார்ந்தார், முன்வரிசையில், பென்சிலைச் சீவிக்கொண்டு.

பாடம் நடத்துவது எளிதாக இருந்தது. பரீட்சை வைப்பதுதான் பாடு. ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் மிரட்டவே பழகியவர்கள். ‘அந்தக் காயம் இப்ப எப்படி இருக்கு?’ என்று பரிவோடு கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் பூதக்கண்ணாடிக்கு அந்தக் குறும்பு யோசனை வந்தது. அதே மண்டபத்தில் ‘வானிலை ஊழியர் ஒன்றுகூடல்’ என்று டீ பார்ட்டி வைத்து, நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இன்சூரன்சே இல்ல. வந்து பேசிப் பாக்கறியா?”

கரும்பு தின்னக் கூலியா? நாத்தனார் பை நிறையப் படிவங்களோடு வந்தாள். பாவம், அவளை ஏமாற்றுகிறோமே என்று பூதக்கண்ணாடிக்கு உறுத்தத்தான் செய்தது. முதல் அரை மணியிலேயே அவள் நான்கு பாலிசி முடித்ததைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது.

பாலைவனத்தில் ஒட்டக வியாபாரியாகப் பல காலம் மறைந்து வாழ்ந்த ஒரு சூரன் முதலில் சிக்கினான். மூலத்தை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது தகவல் சேகரிப்பவர்களின் முதல் விதி. அவனோ தன் மூலத்தையே வெளியிட்டுவிட்டான். எந்த ஊரில் உட்கார்ந்து உட்கார்ந்து அது வந்தது, எந்த மருத்துவர் அறுத்தார் என்பதுவரை சொன்னான். சங்கேத மொழி நிபுணர் மாமியாரோடு ஒத்துப்போகாததைச் சொல்லி அழுதார். நலப்பிரிவு அதிகாரி சம்பளத்தையும், சம்பளம் தருவது யார் என்பதையும் சொல்ல வாயெடுத்தாள். பூதக்கண்ணாடி ஓடிப்போய் அந்த வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

தேறியது ஒரே ஓர் ஆள். பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்.

“அவர் மட்டும் சரியில்ல அண்ணி” என்றாள் நாத்தனார், போகும்போது. “என்ன கேட்டாலும் சும்மா சிரிக்கிறார். எதையோ மறைக்கிறார். பாத்து நடந்துக்குங்க.”

அவருக்கு இரண்டு காதும் மந்தம் என்பதைப் பூதக்கண்ணாடி சொல்லவில்லை. சான்றிதழை அவருக்கே கொடுத்தாள். மற்றவர்களை மறுபடி படிக்க வைத்தாள். அடுத்தடுத்த ஒன்றுகூடல்களில் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்கள். வயிற்று வலியை மட்டும் சொல்லி, வழியைச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். பாலிசி எடுக்காமல் தப்ப மட்டும் ஒருவராலும் முடியவில்லை.

வருட முடிவில் நாத்தனாரின் கம்பெனி அவளுக்குத் தலைமை விருது கொடுத்தது. பெரிய அரங்கம், விளக்குகள், குடும்பமே முன்வரிசையில். புதிய வாடிக்கையாளர்களையும் அழைத்திருந்தாள். பின்வரிசையில் இயக்குநர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் மைக்கைப் பிடித்தாள்.

“இது எனக்கு வந்ததே இல்லைங்க. எங்க அண்ணிக்கு வந்தது. அவங்க ஆபீஸ் ஆளுங்க மாதிரி வெள்ளை மனசுக்காரங்கள நான் பாத்ததே இல்ல. சூதுவாது தெரியாது. மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. அண்ணி, மேல வாங்க!”

பூதக்கண்ணாடி மறுத்தாள். மாமனார் தள்ளினார், பல் வைத்தியர் தள்ளினார். மேடையில் நாத்தனார் தன் கழுத்திலிருந்த தங்க முலாம் பதக்கத்தைக் கழற்றி அண்ணியின் கழுத்தில் போட்டாள். அரங்கம் அதிரக் கைதட்டியது. பூதக்கண்ணாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. செய்யாத வேலைக்குக் கிடைத்த பாராட்டுத்தான். இருந்தாலும் இனித்தது.

பின்வரிசையில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டு நின்றவர் இயக்குநர். நாத்தனார் அவரைப் பார்த்துவிட்டாள்.

“சார், நீங்களும் வாங்க! எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!”

புகைப்படக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். இயக்குநர் சட்டென்று குனிந்து, கட்டவே தேவையில்லாத செருப்பின் வாரைக் கட்ட ஆரம்பித்தார்.

“மூட்டு வலியா சார்?” என்று நாத்தனார் மைக்கிலேயே பரிவோடு கேட்டாள்.

குனிந்த தலை நிமிரவில்லை. பதிலும் வரவில்லை. பூதக்கண்ணாடி மேடையிலிருந்தபடியே மனசுக்குள் அவருக்குத் தேர்ச்சி போட்டாள்.