கோணல் போதாத நட்சத்திரம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை தன் கிறிஸ்துமஸ் மலருக்கு 'மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது' கேட்டது. அப்படி எதுவும் கைவசம் இல்லை. மனதை உறுத்துகிற மாதிரி ஒன்று இருந்தது. அதன் மேல் கொஞ்சம் சர்க்கரை தூவி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

"சேரன்மகாதேவி வயல்களின் மேல் டிசம்பர் மழை மெல்ல இறங்கியது. வீட்டுக்கு வீடு சின்னஞ்சிறு கைகள் மாவைப் பிசைந்துகொண்டு…"

(அடித்துவிட்டேன். சின்னஞ்சிறு கைகள் எதையும் பிசையவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் அடுத்த அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

2.

நடந்தது இதுதான். சேரன்மகாதேவியில் ஒரு பள்ளி. பெயர் சொல்ல மாட்டேன், நான் அந்த வழியாகத்தான் தினமும் போக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்முறை வந்தது. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, தேவைக்குத் தண்ணீர். பிசைந்து நட்சத்திரமோ மணியோ தேவதையோ செய்து, காயவைத்து, வண்ணம் பூசிக் கொண்டுவர வேண்டும். பள்ளியின் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டு, சிறந்ததற்குப் பரிசு. 'பிள்ளைகளே செய்ய வேண்டும், பெற்றோர் பக்கத்தில் இருந்தால் போதும்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. சாதி மதம் பார்க்காமல் ஊரே ஒற்றுமையாகப் புறக்கணித்த வரி அது.

(அடிக்குறிப்பு போடத் தெரியாததால் இங்கேயே சொல்கிறேன். இந்தச் செய்முறை ஏதோ வறண்ட குளிர் நாட்டிலிருந்து வந்தது. நம் ஊர் மார்கழி ஈரத்தில் உப்பு சும்மா இருக்குமா? மரத்தில் தொங்கிய தேவதைகளுக்கு மூக்கு ஒழுகியது. தலைமையாசிரியை அடியில் ஒரு வாளி வைத்தார்.)

3.

இப்போது ஸ்டெபி வர வேண்டும். எட்டு வயது. 'அகன்ற கண்களில் கனவுகள்' என்று எழுதிப் பார்த்தேன். பொய். சாதாரணக் கண்கள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அவள் அப்பா வளன், பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் புரோட்டா மாஸ்டர். மணப்பாட்டுக்காரர். படகில் ஏறினால் வாந்தி வந்ததால் கடலை விட்டு மைதாவுக்கு வந்தவர். ஸ்டெபியின் அம்மா ஜாய்சி வேலை முடிந்து வரும்வரை, பள்ளி விட்டதும் அவள் இருப்பது அந்தக் கடையில்தான். மற்றப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடிய வயதிலிருந்து அவள் மாவை வைத்து விளையாடியிருக்கிறாள். இங்கே வாசகர் கேட்கலாம், இத்தனை திறமையான ஒரு சிறுமியை நம்பலாமா என்று. நானும் நம்பவில்லை. கதையே அதுதான்.

செய்முறையை அவள் மதிக்கவில்லை. உப்பைக் குறைத்தாள், எண்ணெய் விட்டாள், ஈரத்துணி போட்டு மாவை ஊறவைத்தாள். மெல்லிசாக விரித்து, விசிறி மாதிரி மடித்து, சுருட்டி, ஐந்து முனை கிள்ளினாள். புரோட்டாக் கல்லின் ஓரச் சூட்டில் காயவைத்தாள். மரத்தில் சொட்டாமல் தொங்கியது அது ஒன்றுதான். அதன் மடிப்புகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

4.

'எண்ணத் தொடங்கி' என்று எழுதியதும் மாட்டிக்கொண்டேன். நான் ஏன் எண்ண வேண்டும்? சரி, சொல்லிவிடுகிறேன். நடுவர் நான்தான். எழுத்தாளர் என்று கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள். சால்வை போட்டால் நான் எதற்கும் தலையாட்டுவேன்.

"இதை யாரு செஞ்சா?"

"நான்தான் சார்."

"ஒங்க அப்பா என்ன வேலை செய்யுதாரு?"

"புரோட்டா மாஸ்டர் சார்."

நான் மைக்கைப் பார்த்துச் சிரித்தேன். மண்டபமே சிரித்தது. "அப்ப இது அப்பா செஞ்ச நட்சத்திரம். பாப்பா, போட்டி ஒனக்குத்தான், அப்பாவுக்கு இல்ல" என்றேன். இன்னொரு சிரிப்பு. முதல் பரிசை ஒரு கோணல் மணிக்குக் கொடுத்தேன். 'கோணலில்தான் குழந்தைமை இருக்கிறது' என்று நீட்டி முழக்கினேன். பலமான கைதட்டல்.

ஸ்டெபி அழவில்லை. (முதல் பிரதியில் அழவைத்திருந்தேன். அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.) "நான்தான் சார் செஞ்சேன்" என்று இன்னொரு முறை சொன்னாள். அதற்குள் தேசிய கீதம் தொடங்கிவிட்டது.

5.

மறுநாள் டீக்கடையில் இசக்கிராஜாவைப் பார்த்தேன். கோணல் மணிச் சிறுவனின் அப்பா, கட்டட இன்ஜினியர். தோளில் கை போட்டார்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுதேன், வெளிய சொல்லிராதீங்க. மூணு மணி செஞ்சேன். ரெண்டு ரொம்ப நல்லா வந்துட்டு. தூரப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"நல்லா இருந்தா அப்பன் செஞ்சான்னு கண்டுபிடிச்சிருவாங்கல்லா? மூணாவதுக்கு எடது கையால வேல பாத்தேன். இடுப்பு புடிச்சுக்கிட்டு."

"பையன் என்ன செஞ்சான்?"

"அவன் ஊர்லயே இல்ல. அம்பாசமுத்திரத்துல ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தான்."

டீக்கு அவரே காசு கொடுத்தார். நான் குடித்தேன்.

6.

முடிவு ஒன்று: நான் பள்ளிக்குப் போய் உண்மையை அறிவிக்கிறேன். பரிசு ஸ்டெபிக்கு மாறுகிறது. (போகவில்லை. போனால் என்னை யார் அடுத்த வருடம் கூப்பிடுவார்கள்?)

முடிவு இரண்டு: இருபது வருடம் கழித்து, உலகப் புகழ்பெற்ற சிற்பியான ஸ்டெபி தன் பேட்டியில் என்னை மன்னித்து…

(சீ.)

7.

உண்மையில் செய்தது: ஒரு வாரம் கழித்து, பிற்பகல் நாலு மணிக்கு, கடைக்குப் போனேன். வளன் சாயந்திர வியாபாரத்துக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஸ்டெபி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் செதுக்கியிருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"பாப்பா, அந்த மாதிரி ஒண்ணு இங்கன செஞ்சு காட்டு பாப்போம்."

வளன் மாவை அப்படியே விட்டார். "சார், நீங்க மன்னிப்புக் கேக்க வந்தியளா, பரிச்ச வைக்க வந்தியளா?"

அவள் செய்வதை என் கண்ணால் பார்த்தாக வேண்டும் எனக்கு. இசக்கிராஜாவிடம் கேட்காத சாட்சியை இவளிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நின்றேன்.

"இருக்கட்டும்பா" என்றாள் ஸ்டெபி. கையைக் கழுவினாள். ஓர் உருண்டை எடுத்தாள். விரித்தாள், மடித்தாள், சுருட்டினாள், ஐந்து முனையும் கிள்ளினாள். அவள் அப்பா ஒரு விரல்கூட வைக்கவில்லை. மண்டபத்தில் நான் பார்த்த அதே நட்சத்திரம். 'அருமை' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள். பெருவிரலை ஒரு முனையில் வைத்துப் பைய அமுக்கினாள். அது சப்பளிந்தது. அடுத்த முனையையும் அமுக்கினாள். பிறகு உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இப்பம் சின்னப்பிள்ள செஞ்ச மாதிரி இருக்கா சார்?"

8.

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. சொல்லவே இல்லை. மலரில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது, அதை நீங்கள் நிரப்புங்கள். 'இருக்கிறது' என்றாலும் சரி, 'இல்லை' என்றாலும் சரி. ஒன்றே ஒன்று, அவள் கையைப் பார்த்துச் சொல்லாதீர்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.