கடுக்காய்த் தண்ணீர்

அலீனாவைப் பெண் பார்க்கப் போன அன்று என் அம்மா ஹலீமா பீ, எங்களுக்கு அம்மி, முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, புறங்கையை. ஆம்பூர்த் தோல் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறு எதைப் பார்ப்பாள்? இரண்டு விரலால் கிள்ளி, தடவி, "ஆட்டுக்குட்டித் தோலாட்டம் இன்னா மெத்துன்னு இருக்குது" என்றாள். என் தம்பி ஷாஹிதின் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. பச்சை நரம்பெல்லாம் வெளியே தெரிந்த அந்தக் கையைப் பற்றி அம்மி ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

வளையல் இடித்தால்கூட அலீனாவுக்குக் கன்றிப்போகும். தம்பி அடிக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவனோ பரம சாது. அவள் கர்ப்பமாக இருந்தபோது காலில் ஒரு வெட்டு. தையல் போட்டால் நூல் தோலை அறுத்துக்கொண்டு வந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் எழிலரசி எங்களை உட்காரவைத்துச் சொன்னார். உடம்பைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். செல்லுக்குள் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு ஒரு புரியாகும். வெளியே வந்ததும் நுனிகள் வெட்டுப்பட்டு, புரிகள் வரிசையாக அடுக்கி, பிணைந்து கயிறாகும். அலீனாவுக்கு அதில் ஒரு வகையில் பாதி இழைகள் பிழையாகவே உருவாகின்றன. மூன்றில் ஒன்று பிழையானாலும் அந்தப் புரி தேறாது. எட்டுப் புரியில் ஒன்று தேறினால் பெரிது.

"தோல் வெளிய தெரியுது, அவ்ளோதான். ரத்தக்குழாய், குடல், கர்ப்பப்பை எல்லாத்துலயும் இதே கயிறுதான். பிரசவ வலி வர விடக் கூடாது, முன்னாடியே ஆபரேஷன் பண்ணிடணும். நடுவுல வயிறு வலிச்சா உடனே வந்துடுங்க" என்றார்.

"எங்கம்மா என்னப் பெத்தப்பதான் போய்ட்டாங்க" என்றாள் அலீனா. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னதை அம்மி ஏற்கவில்லை. தினமும் ஆட்டுக்கால் பாயா வைத்தாள். "வயித்துல போனா எல்லாம் கரைஞ்சிடும் அம்மி. உடம்பு மறுபடியும் அதே தப்போடதான் முறுக்கும்" என்றேன். முறைத்தாள். ஆனால் பாயாவை நிறுத்தினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்வது.

நான் தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிறவள்; வீட்டில் அலீனாவுக்கு ஆபா, அதாவது அக்கா. வெள்ளிக்கிழமை மதியம் வீடு திரும்பியபோது அலீனா சுவர்ப் பக்கம் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர். எடுத்து முகர்ந்தேன். எங்கள் பழைய ஷெட்டில் தோல் ஊறும் தொட்டியின் வாசனை.

"கடுக்காயா? யாரு குடுத்தது?"

"அம்மிதான், ஆபா. ஒரு வாரமா குடிக்கிறேன். வயித்தால போவுது. காலையிலேர்ந்து வலி ஜாஸ்தி. கடுக்காயாலதான்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன்."

அம்மி சமையலறையிலிருந்து வந்தாள். முகத்தில் குற்றவுணர்வே இல்லை. "உங்க தாதா, எங்க மாமனாரு, தொட்டியில கடுக்காய் போட்டுத்தான் தோலைக் கெட்டிப்படுத்தினாரு. உள்ள இருக்கிறதும் தோல் மாதிரிதானே?"

அவளிடம் கத்த நேரமில்லை. ஷாஹிதைக் காரோடு வரச் சொன்னேன். அலீனாவைத் தூக்கிய இடத்தில் என் விரல்கள் ஐந்தும் நீலமாகப் பதிந்தன.

வேலூர் வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது அவள் முனகுவதை நிறுத்திவிட்டாள். தலை என் மடியில் கனத்தது. தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டு முன்சீட்டில் இருந்த அம்மி திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே குடுத்திருந்தா கெட்டிப்பட்டிருக்குமோ, ரஃபத்?"

"கடுக்காய் செத்த தோலைத்தான் கெட்டிப்படுத்தும், அம்மி."

மணி உருளும் சத்தம் நின்றது. ஷாஹித் வண்டியை இன்னும் விரட்டினான். என் கைக்குள் அலீனாவின் கை அதே மெத்தென்ற மென்மையோடு சில்லிட்டுக்கொண்டிருந்தது.