ஓய்வுக்கல்லில் சொல்ல வேண்டியது

க்ளெமென்ஸ் எழுந்தான். அடுப்பின் சாம்பல் தட்டை இழுத்து வாளியில் கொட்டினான். சிராய்களை அடுக்கித் தீ மூட்டினான். பாலைக் காய்ச்சினான். கைப்பேசியில் மலை வானிலை அறிக்கையைத் திறந்து, எப்போதும்போல் உரக்கப் படித்தான்.

"மேல் சரிவுகளில் காலையில் மூடுபனி. மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று."

தினமும் அவன் படிப்பான். அவன் மனைவி புர்கி கதவருகே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்பாள். மழை என்றால் தோளைக் குலுக்குவாள். காற்று என்றால் திட்டுவாள். மலைப் பாதைகளில் வழிக்குறி வரைவது அவள் வேலை. பாறையிலும் மரத்திலும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள். ஈரப் பெயிண்டில் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

பெஞ்சுக்கு அடியில் பூட்ஸ் இல்லை. அது அவள் காலில் இருந்தது. மலையில் விழுந்து இறந்தவர்களை இந்த இன்னர்லான் ஊரில் பூட்ஸோடுதான் பெட்டியில் வைப்பார்கள். பெட்டி முன்னறையில் இரண்டு முக்காலிகள் மேல் இருந்தது. இன்று அடக்கம்.

பாலை இறக்கி வைத்தான். குடிக்கவில்லை.

வீட்டில் காற்றே இல்லை. வீட்டுக்குள் ஒருவர் இறந்தால் இங்கே ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். வெளியே இறந்தவரைத் தூக்கி வந்தால் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். வெளியே அலைந்த உயிர் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது, குழியில் மண் விழும்வரை அது மறுபடி போய்விடக் கூடாது. கட்டியவனும் பெட்டிக்கு முன்னால் வாசலைத் தாண்டக் கூடாது. புர்கியைக் கொண்டுவந்த மாலையிலிருந்து க்ளெமென்ஸ் வெளியே போகவில்லை. அன்று சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவள் அம்மா ஸென்ஸி உள்ளே வந்ததும் முதலில் செய்த காரியம், மகளைப் பார்ப்பதற்கும் முன்னால், அதைச் சாத்தியதுதான்.

பெயிண்ட் டப்பாக்கள் சமையலறைச் சுவரோரம் அப்படியே இருந்தன. குளிரில் பெயிண்ட் இறுகிவிடும் என்று புர்கி அடுப்பருகே வைத்துத்தான் கலக்குவாள். மூடிய வீட்டில், அடுப்பின் சூட்டில், அந்த வாடை எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. ரொட்டியில், தலையணையில், அவன் நாக்கில்.

அவன் ஜன்னல் கொக்கியில் கை வைத்தான்.

"தொடாத."

ஸென்ஸி கறுப்பு உடையில் கதவருகே நின்றிருந்தாள். இரவெல்லாம் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவள்.

"ஒரு நிமிஷம் அத்தை. மூச்சு முட்டுது."

"எனக்கு முட்டலியா? இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

கையை எடுத்தான். அவள் வந்து மேசையருகே உட்கார்ந்தாள். ஆறிக்கொண்டிருந்த பாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கல்லுல என்ன சொல்லப் போற?"

இதை அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழூர் தேவாலயத்துக்குத் தார்ச்சாலை இருக்கிறது. இன்னர்லானில் இறந்தவர்கள் சாலையில் போவதில்லை. பழைய நடைபாதையில் தோளில்தான் போவார்கள். பாதி வழியில் தட்டையான ஒரு பாறை. ஓய்வுக்கல் என்பார்கள். பெட்டியை அதில் இறக்குவார்கள். தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொள்ளும் நேரத்தில், கூட இருந்தவர் முன்னால் வந்து, இறந்தவர் கடைசியாகச் சொன்னதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஊர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்.

"அவ கடைசியா பேசினது ஒங்கிட்டதான?"

"ஆமா. காலையில, கெளம்பும்போது."

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அவன் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டான். ஈஸ்டரிலிருந்து தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. என் விடுதியை எடுத்து நடத்து என்றாள் தாய். முடியாது, எனக்கு மலைதான் என்றாள் மகள். அவ்வளவுதான் சண்டை.

"சொல்லல," என்றாள் ஸென்ஸி. "தெரியும். சொல்லியிருந்தா நீயே வந்து சொல்லியிருப்ப." பால் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஊரு மொத்தமும் அங்க நிக்கும் க்ளெமென்ஸ். அம்மாகிட்ட பேசாமலே போயிட்டான்னு எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. ஒரு வார்த்த போதும். 'அம்மாவப் பாக்கப் போறேன்'னு சொன்னான்னு சொல்லு. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவ அப்படிச் சொல்லலையே அத்தை."

"சொல்லலதான். நான் கேட்டேனா, சொன்னாளான்னு?"

எழுந்து முன்னறைக்குப் போய்விட்டாள். பால் மேசையிலேயே இருந்தது.

தூக்குகிறவர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் வெண்டலின். பக்கத்து வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், மலையில் புர்கியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். டை கழுத்தை நெரித்ததில் முகம் சிவந்திருந்தது.

"லின்ஸுக்காரா," என்றார். க்ளெமென்ஸின் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை; லின்ஸ் நகரத்திலிருந்து வந்தவன், அதனால் அதுவே பெயர். "வழிப்பலகையில நேரம் எழுதுற உத்தியோகம்தான ஒனக்கு? கோயிலுக்கு எவ்ளோ நேரம்னு போட்டிருக்க?"

"ஒரு மணி நேரம்."

"பொட்டியோட?"

"அதுக்குக் கணக்கு இல்ல."

"போட்டு வையி. எனக்கு ஒதவும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தத் தெரியாதவர்போல் டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

க்ளெமென்ஸ் அலமாரியிலிருந்து வேர்ச் சாராயம் எடுத்து அவருக்கு ஊற்றினான். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"பிரஷ்ஷு பாறை மேல வெச்சபடி இருந்துச்சு. மூணு பட்டையும் அடிச்சு முடிச்சிட்டா. அழகா, நேரா. அப்புறம் தூரத்துலேர்ந்து தெரியுதான்னு பாக்கப் பின்னால போயிருக்கா. குறி போடுறவன் எல்லாரும் செய்யிறதுதான். நானும் போட்டிருக்கேன் ஒரு காலத்துல. போட்டாப் பாக்கணும்னு இருக்கும். ஆனா அந்த எடத்துல பின்னால போக எங்க எடம் இருக்கு?"

"குறி தெரியுதா?"

"என்னது?"

"தூரத்துலேர்ந்து. தெரியுதா?"

வெண்டலின் அவனைப் பார்த்தார். "தெரியுது. நல்லாத் தெரியுது."

இன்னொரு கோப்பை ஊற்றினான். வெண்டலின் குரலைத் தாழ்த்தினார்.

"ஸென்ஸி எங்கிட்டயும் சொன்னா. அவ கேட்டதச் சொல்லிடு. எல்லாரும் அப்படித்தான். என் பொண்டாட்டி போனப்ப 'மோட்சத்துல பாப்போம் வெண்டலின்'னு சொன்னான்னு சொன்னேன். அழாத ஆளில்ல. பாதிரியாரே மூக்கச் சிந்தினாரு. அவளாவது மோட்சத்துல என்னப் பாக்குறதாவது! அங்கயாச்சும் நிம்மதியா இருக்கணும்னுதான் அவ போனதே."

"நெஜமா என்ன சொன்னாங்க?"

"அவளா?" வெண்டலின் உடனே வாயைத் திறந்தார். "அவ என்னவோ... கொறட்டையப் பத்தி. இல்ல, அது முந்தின நாளு. சூப்பு கொண்டுபோய்க் குடுத்தேன். அப்ப..." கோப்பைக்குள் பார்த்தார். "ஏதோ சொன்னா. திட்டித்தான் சொன்னா."

பெருவிரலால் நெற்றியைத் தேய்த்தார். அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது.

"சொன்னா," என்றார் மறுபடி.

வெண்டலின் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து பெட்டியிடம் போனார்.

பெட்டி வாசலைத் தாண்டியது. அதன் பிறகு அவன் தாண்டினான். வெளியே மூடுபனி. காற்று இருந்தது, ஆனால் நெஞ்சுவரைதான் இறங்கியது. முன்னால் தூக்குகிறவர்கள், பின்னால் ஊர். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற பாதை. அகலமான இடங்களில் ஸென்ஸி பக்கத்தில் வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். குறுகும் இடங்களில் பின்னால் போய்க் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவையும் விடவில்லை.

திருப்பத்துக்குத் திருப்பம் புர்கி போட்ட குறிகள். வேலி மரத்தில், ஓடைக்கல்லில், களஞ்சியத்தின் மூலையில். பனியில் முதலில் எதுவும் தெரியாது. பிறகு சிவப்பு, வெள்ளை, சிவப்பு. ஒன்றைத் தாண்டியதும் அடுத்தது நின்றது. வேறு பக்கம் திரும்ப ஓரிடத்திலும் வழி இல்லை. வழி தப்பக் கூடாது என்றுதான் அவள் போட்டிருந்தாள்.

நடந்துகொண்டே அவன் புர்கி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அவள் குரலில் வந்தது. ஸென்ஸி சொன்னதையும் சொல்லிப் பார்த்தான். அம்மாவப் பாக்கப் போறேன். அதுவும் அவள் குரலிலேயே வந்தது. சுத்தமாக வந்தது. அவசரமாக முதல் வாக்கியத்துக்குத் திரும்பப் போனான். அது இன்னும் இருந்தது.

ஓய்வுக்கல் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். வெண்டலின் தோளைப் பிசைந்துகொண்டார். பின்னால் வந்தவர்கள் பாதை நெடுக, சரிவு நெடுக, நின்ற இடத்திலேயே நின்றார்கள். தொப்பிகள் இறங்கின. பாதிரியார் புத்தகத்தை மூடி அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் முன்னால் போனான். ஸென்ஸியும் கூடவே வந்தாள். முழங்கையில் அவள் பிடி இறுகியது. அவள் முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல. உதடுகள் லேசாக அசைந்தன. அவள் அந்த வார்த்தைகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் அவள் கைமேல் தன் கையை வைத்தான். பெயிண்ட் வாடை அடித்தது. அது அவன் கோட்டிலிருந்தா, அவள் உடையிலிருந்தா, பெட்டியிலிருந்தா தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை," என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

பிறகு ஊருக்குக் கேட்கும்படி, புர்கி சொன்னபடியே, அன்று காலை அவள் கதவைத் திறந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்ன வேகத்திலேயே சொன்னான்.

"ஜன்னலத் தொறந்து வையி. நான் வர்றதுக்குள்ள இந்த பெயிண்ட் வாட போயிடணும்."