கேத்ரின் வைத்த கடைசிக் கல்

றொக்சன் கொரியாவிலிருந்து கொண்டுவந்த சாமானைப் பார்த்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அத்தனை வீடும் சிரித்தது. ஒரு கட்டம் போட்ட பலகை, இரண்டு டப்பா நிறையக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல். கோ என்று ஒரு விளையாட்டாம். ஐந்து வருடம் கழித்து டிக்கோயாவுக்கு வந்த மனிதன் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அவன் மனைவி கேத்ரினுக்கு வரவில்லை. மறுபடி வேலைக்கு வரச்சொல்லிக் கொரியாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். ஒருநாள் அவன் விளையாட்டாகச் சொன்னான்: "ஒரு மூலையிலயாவது ஒன் கல்லுங்கள உசுரோட வச்சுக்காட்டு. நான் போகல."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போனில் பார்த்துப் பார்த்துப் படித்தாள். எதிரி சுற்றி வளைத்தாலும், கற்களின் கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு வெற்றுப் புள்ளி இருந்தால் கூட்டம் பிழைக்கும். அதற்குக் கண் என்று பெயர். ஒரே கண் என்றால் சாவுதான். அடுப்பில் சோறு பலநாள் தீய்ந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆடினார்கள். மூலையில் அவளுடைய ஒன்பது வெள்ளைக் கல்லையும் அவன் வளைத்துவிட்டான். ஆனால் முக்கியமான புள்ளியை அவள் முந்திப் பிடித்தாள். இரண்டு கண்.

"எனக்கு வைக்க எடமில்ல. பாஸ்," என்றான்.

அவளும் பாஸ் சொல்லியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். பாவி மகள், சந்தோஷத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. பட்டுப்போன தேயிலை நின்ற குழிகளில் கன்று நடுவதுதான் பதினொரு வருடமாக அவள் வேலை. வேலையை மேற்பார்க்கக் கண்டாக்கையா வரும்போது நிரையில் ஒரு குழியும் வெறுமையாகக் கிடக்கக்கூடாது. வெற்றுப் புள்ளியைக் கண்ட விரல் ஒரு கல்லை எடுத்துத் தன் கண்ணையே அடைத்தது.

"ஏங்க, கை தவறிருச்சுங்க! எடுத்துக்கிறேன்."

"வச்சா வச்சதுதான்," என்று மிஞ்சிய கண்ணில் கறுப்புக் கல்லை வைத்தான். வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

தோற்றதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பூசையில்கூட இறுகிக் கிடந்த முகம் இப்போது தளர்ந்திருந்தது.

"போகத்தான் ஆசைன்னு மொதல்லயே சொல்லிருக்கலாமே," என்றாள்.

அவன் தலை நிமிராமல் கற்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.