மூன்று நாள் தெளிந்த கிணறு

கிணற்றுத் தண்ணீர் தெளிந்திருந்தது. வாளியின் அடியில் இருந்த துருகூடத் தெரிந்தது.

"பாத்தீங்களா? நாப்பது நாள். கிணறு தெளியணும்னு வேண்டிக்கிட்டு நம்ம தெருவே கறியை விட்டுச்சு. நல்ல தண்ணி திரும்பிருச்சு," என்றாள் என் மனைவி. சின்னவளின் கால் புண்ணை அந்தத் தண்ணீரில்தான் கழுவியிருந்தாள். குடிக்கவும் ஒரு டம்ளர் கொடுத்திருந்தாள்.

நான் இறைச்சிக்கூடத்தில் மதகுக்காரன். ரத்தமும் கழுவின நீரும் எங்கள் கிணற்றை ஒட்டிய வாய்க்காலில் போகும். சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர் வரும்போது மட்டும் மதகை மூடி, எல்லாவற்றையும் தரைக்கடித் தொட்டியில் தேக்குவோம். அவர் பார்த்து முடித்ததும் திறப்போம். இந்தத் தடவை இன்று, நாளை என்று மூன்று நாள் இழுத்துவிட்டார். கிணறு தெளிந்தது அதனால்தான்.

வேலைக்குப் போனேன். எங்கள் தெரு கறியை விட்டதைக் கொக்கிகளிடம் யாரும் சொல்லவில்லை. தலைக்கு மேல் அதே வேகத்தில் வந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் உடல். எல்லாம் கப்பலேறிப் போகிற கறி. காலடியில் தொட்டி முனகியது. வடிகால் கம்பிகளுக்கிடையே ஒரு குமிழி எழுந்து, நின்று பார்த்துவிட்டு உடைந்தது.

"என்ன மாப்ள, பேயறைஞ்சவனாட்டம் நிக்கறே?" என்றார் மேஸ்திரி. "கையெழுத்து ஆயிருச்சு. ஆய்வாளர் ஆபீஸ்ல டீ குடிக்கறாரு. தொட்டி கழுத்து வரைக்கும் நெறைஞ்சு கெடக்கு, போய்த் தொற."

"எம்புள்ள அந்தத் தண்ணியக் குடிக்குது மேஸ்திரி."

"நீங்கதான் சைவமாயிட்டீங்களே, அப்புறமென்ன?"

கத்தி பிடித்து நின்றவர்களும் சிரித்தார்கள்.

மதகடிக்குப் போனேன். மதகைத் திறக்கும் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய கை அதன் ஆணியை உருவியது. கழன்று வந்த சக்கரத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பியபோது கூடத்தில் பேச்சே இல்லை. கொக்கிகள் மட்டும் ஓடின. தரை ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் ரத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள் வருவதைப் போல வந்தது. ஆட்களின் பூட்ஸ் மறைந்தது. மேஸ்திரி வெட்டுமேசைமேல் ஏறி நின்றார்.

"டேய், சக்கரம் எங்கடா?"

"பைல இருக்கு."

"குடுடா! சோத்துக்கு என்னடா பண்ணுவே?"

"அத அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல ஆய்வாளரு பாக்கட்டும்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ரத்தம் என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, சரிவு பார்த்து, நடைவழியில் நகர்ந்தது. ஆபீஸ் கதவு வரை போய் ஒரு கணம் தேங்கியது. பிறகு கதவடி இடுக்கில் நுழைந்தது.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது.